நம்பிக்கையே காயப்பட்டிருக்கும்போது உதவியை எப்படித் தேடுவது?

கேள்வியைச் சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். சிறுவயது முதல் பல ஆண்டுகள் வீட்டுக்குள்ளேயே அடியையும் அவமானத்தையும் அனுபவித்த ஒருவர், இப்போது அங்கிருந்து விலகித் தனியே வாழ்கிறார். வேலைக்குப் போகிறார், வாடகை கட்டுகிறார், வெளிப்பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் இரவில் தூக்கம் வருவதில்லை. கதவு சற்றே வேகமாகச் சாத்தப்பட்டாலும் உடல் தூக்கிவாரிப் போடுகிறது. யாரிடமும் மனம் ஒட்டுவதில்லை. இரண்டு ஆலோசகர்களிடம் போய் மூன்றாவது, நான்காவது சந்திப்போடு நிறுத்திவிட்டார். "எனக்கான உதவி எங்கே இருக்கிறது, அதை எப்படித் தேடுவது?" என்று கேட்கிறார்.

உங்கள் கேள்வியில் நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன ஒரு வரியிலிருந்துதான் நான் தொடங்க விரும்புகிறேன். இரண்டு ஆலோசகர்களிடம் பாதியில் நிறுத்தியதை உங்கள் தோல்வியாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். உங்களைக் காயப்படுத்தியவர்கள், உங்களைக் காக்க வேண்டிய இடத்தில் இருந்தவர்கள். இந்தக் காயத்துக்கான உதவியும் மனிதர்கள் வழியாகத்தான் வர வேண்டியிருக்கிறது. ஒருவர் அன்பாகப் பேசத் தொடங்கும்போதே உங்கள் உடல் எச்சரிக்கை மணி அடிப்பதற்குக் காரணம், அன்பான பேச்சுக்குப் பின்னால் என்ன வரும் என்பதை அது சிறுவயதில் கற்றுவைத்திருப்பதுதான். ஆகவே உதவி தேடும் வேலையை, "நம்பிக்கை வந்த பிறகு போகிறேன்" என்றில்லாமல், "நம்பாமலேயே, சிறிது சிறிதாகச் சோதித்துப் பார்த்துப் போகிறேன்" என்ற கணக்கில் திட்டமிட வேண்டும் என்பதே என் கருத்து. கீழே சொல்பவை எல்லாம் இந்தக் கணக்கை ஒட்டியவைதான்.

முதலில் பெயர். அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் கோளாறு, அதாவது பிடிஎஸ்டி, அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் 1980-இல் இடம்பெற்றது. போர், விபத்து, வன்தாக்குதல் போன்ற நிகழ்வுகளை மனதில் வைத்து உருவான அந்த வரையறைக்குள், ஆண்டுக்கணக்கில் தப்பிக்க வழியின்றிச் சிக்கியிருந்தவர்களின் துன்பம் முழுமையாக அடங்கவில்லை என்று அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-இல் எழுதி, அதற்குச் சிக்கலான பிடிஎஸ்டி என்ற தனிப்பெயரை முன்வைத்தார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் அது தனி நோயாக ஏறுவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. 2019-இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11 பட்டியலில் அதன் குறியீடு 6பி41. பழைய நிகழ்வு இப்போதே நடப்பதுபோல் திரும்ப வருவது, அதை நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது, ஆபத்து பக்கத்திலேயே இருப்பதாக எப்போதும் விழிப்பாக இருப்பது ஆகிய மூன்றும் வழக்கமான பிடிஎஸ்டிக்கு உரியவை. அவற்றோடு உணர்ச்சிகளைக் கட்டுக்குள் வைக்க முடியாமை, "நான் எதற்கும் தகுதியற்றவன்" என்ற நீங்காத எண்ணம், நெருக்கமான உறவுகளைத் தக்கவைப்பதில் சிரமம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அது சிக்கலான பிடிஎஸ்டி. அமெரிக்கக் கையேட்டில் இதற்கு இன்றுவரை தனி இடம் இல்லை. எனவே உங்கள் மருத்துவர் எந்த நூலைப் பின்பற்றுகிறார் என்பதைப் பொறுத்து, அவர் கோப்பில் எழுதும் பெயர் மாறலாம். மனச்சோர்வு, பதற்றக் கோளாறு, ஆளுமைக் கோளாறு என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் பெயர்கள் சேர்ந்துகொண்டே போனவர்கள் பலர் உண்டு.

பெயர் தெரிந்தால் என்ன பயன் என்று கேட்கலாம். எதைத் தேடுவது என்பதற்கு ஒரு சொல் கிடைக்கிறது, அதுவே பெரிய பயன். சர்வதேச மனக்காய வினாப்பட்டியல் என்ற பதினெட்டே கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இலவசமாகக் கிடைக்கிறது. அதை நிரப்பி எடுத்துச் சென்றால், ஒரு அந்நியரின் முன்னால் அமர்ந்து வாழ்க்கைக் கதையை முதலிலிருந்து சொல்லும் கொடுமை பெருமளவு குறையும். அதை வைத்து உங்களுக்கு நீங்களே நோய்ப்பெயர் சூட்டிக்கொள்ள வேண்டாம். பேச்சைத் தொடங்கி வைக்கும் ஒரு தாளாக மட்டும் பயன்படுத்துங்கள்.

அடுத்தது வரிசை. முதலில் பாதுகாப்பும் நிலைத்தன்மையும், பிறகு நினைவுகளை எதிர்கொள்வதும் இழந்தவற்றுக்காகத் துக்கப்படுவதும், அதன்பின் மனிதர்களோடும் வாழ்க்கையோடும் மீண்டும் பிணைந்துகொள்வது என்று மூன்று கட்டங்களாக ஹெர்மன் இதைப் பிரித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் உளவியலாளர் பியேர் ஜானே செய்த சிகிச்சையிலும் இதே வரிசையைக் காணலாம். இதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். நீண்ட ஆயத்தக் கட்டம் எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை, அதைக் காரணம் காட்டிப் பயன்தரும் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதும் தவறு என்று 2016-இல் ஆய்வாளர்கள் சிலர் அழுத்தமாக வாதிட்டார்கள். அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. என் பார்வையில் இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் காயப்படுத்தியவரோடு இன்னும் ஒரே கூரையின் கீழ் இருப்பவரிடமும், இன்றிரவு எங்கே தூங்குவது என்று தெரியாதவரிடமும் பழைய நினைவுகளைத் தோண்டச் சொல்வதில் எந்த நியாயமும் இல்லை. உங்கள் விஷயத்தில் இந்தப் பகுதி ஓரளவு முடிந்திருக்கிறது. இருந்தாலும் பழைய கணக்குகளின் கடவுச்சொற்கள், கைப்பேசியில் யாரோடாவது பகிரப்பட்டுக் கிடக்கும் இருப்பிடத் தகவல், வங்கிக் கணக்கில் இருக்கும் கூட்டுப் பெயர், இன்னும் அந்த வீட்டிலேயே இருக்கும் சான்றிதழ்கள் ஆகியவற்றை ஒருமுறை சரிபாருங்கள். இவற்றைச் சரிசெய்வதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். சில சமயம் ஒரு வழக்கறிஞரிடமோ சமூகப் பணியாளரிடமோ செலவிடும் ஒரு மணி நேரம், ஆலோசகரிடம் செலவிடும் பத்து மணி நேரத்தைவிட நல்ல தூக்கத்தைத் தரும்.

இனி, சிகிச்சையாளரைத் தேர்வது. நீங்கள் அடிபட்ட இடம் இதுதான் என்பதால் இதைச் சற்று விரித்தே சொல்கிறேன்.

ஆலோசகர், உளவியலாளர், தெரபிஸ்ட் போன்ற பட்டங்களை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். சில இடங்களில் பதிவு கட்டாயம், சில இடங்களில் ஒரு வார இறுதிப் பயிற்சிக்குப் பிறகும் பலகை மாட்டிவிட முடியும். எனவே முதல் சந்திப்பை நீங்கள் நடத்தும் நேர்காணலாக எண்ணிக்கொண்டு போங்கள். எங்கே பயின்றீர்கள், எந்த அமைப்பில் பதிவு செய்திருக்கிறீர்கள், பல ஆண்டுகள் நீடித்த வன்முறையிலிருந்து வந்தவர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா, எந்த முறையைப் பின்பற்றுவீர்கள், பேசிக்கொண்டிருக்கும்போதே நான் உறைந்துபோனால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். இந்த ஐந்து கேள்விகளில் கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் எனக்கு முக்கியமாகப் படும். "அப்படியெல்லாம் நடக்காது, கவலைப்படாதீர்கள்" என்பவரைவிட, "நிறுத்திவிடுவோம், நீங்கள் இந்த அறையில் இருக்கிறீர்கள் என்பதை உணரும்வரை வேறு எதையும் பேச மாட்டோம், நிறுத்த வேண்டும் என்பதற்கு ஒரு கைச்சைகையை இப்போதே முடிவு செய்துகொள்ளலாம்" என்பவர் இந்த வேலையைச் செய்து பழகியவர்.

நேரில் கவனிக்கவும் சில உண்டு. என் அறையில் இரண்டு நாற்காலிகள் கதவைப் பார்த்தபடி இருக்கும். உள்ளே வருபவர்களில் பலர் பையைத் தோளிலிருந்து இறக்காமல், கதவுக்கு அருகில் உள்ள நாற்காலியின் நுனியில் அமர்வார்கள். அந்தப் பையை இறக்கி வைக்கும்படி நான் ஒருபோதும் சொன்னதில்லை. ஒருவருக்கு ஐந்தாவது வாரம் பை தரைக்கு வந்தது. இன்னொருவருக்கு அது கடைசிவரை மடியிலேயே இருந்தது, ஆனாலும் அவர் நலமடைந்தார். உங்களை எங்கே உட்கார வைக்கிறார், கதவு பூட்டப்படுகிறதா, விரும்பாத கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க உங்களுக்கு உரிமை இருப்பதாக அவர் நடந்துகொள்கிறாரா, நீங்கள் மறுப்புச் சொன்னபோது அவர் முகம் மாறுகிறதா என்பவற்றைக் கவனியுங்கள். முதல் சந்திப்பிலேயே முழுக்கதையையும் கேட்பவர், "மன்னித்துவிடுங்கள், அப்போதுதான் விடுதலை" என்று அவசரப்படுத்துபவர், சந்திப்புக்கு வெளியே நட்போ வியாபாரமோ உறவோ நாடுபவர், இத்தனை வாரத்தில் குணமாக்கித் தருவேன் என்று உத்தரவாதம் தருபவர் ஆகியோரிடமிருந்து எந்த விளக்கமும் தராமல் விலகலாம். உங்களுக்கு நினைவில் இல்லாத கொடுமைகளை ஹிப்னாடிசம் செய்து மீட்டெடுப்பதாகச் சொல்பவரிடமும் அப்படியே. 1990-களில் இந்த வழக்கம் பல குடும்பங்களை நீதிமன்றம்வரை இழுத்துச் சென்றது. தூண்டிக் கேட்பதால் நடக்காத ஒன்றும் நினைவாக உருவாகிவிட முடியும் என்பது அதிலிருந்து கற்ற பாடம். நினைவில் இருப்பதை வைத்தே சிகிச்சை செய்யலாம். இல்லாததைத் தேடி அகழ்வாராய்ச்சி செய்ய வேண்டிய அவசியம் இல்லை.

முறைகளைப் பற்றி அதிகம் குழம்ப வேண்டாம். மனக்காயத்தை மையமாகக் கொண்டு எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, ஃபிரான்சின் ஷபீரோ 1980-களின் பிற்பகுதியில் உருவாக்கிய, கண் அசைவுகளைப் பயன்படுத்தும் ஈஎம்டிஆர், வாழ்க்கையைக் கால வரிசையில் சொல்லிக் கோர்க்கும் கதைசொல் சிகிச்சை ஆகியவற்றுக்கு நல்ல ஆய்வு ஆதாரம் இருக்கிறது. மரிலீன் க்லோய்ட்ர் வகுத்த ஸ்டேர் என்ற முறை, முதலில் உணர்ச்சிகளைக் கையாளவும் உறவுகளில் பேசவும் திறன்களைக் கற்பித்துவிட்டு, அதன் பிறகே நினைவுகளுக்குள் செல்கிறது. சிறுவயதுக் கொடுமையிலிருந்து வந்தவர்களுக்காகவே உருவாக்கப்பட்டது அது. சிகிச்சைகளுக்கு வழிகாட்டுதல் வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் எனக்குப் பிடித்த பகுதி வேறொன்று: சிக்கலான பிடிஎஸ்டி உள்ளவர்களுக்கு நம்பிக்கை வளர்வதற்கென்றே கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும், சந்திப்புகளின் எண்ணிக்கையைத் தேவைக்கேற்ப உயர்த்த வேண்டும் என்று அது சிகிச்சையாளர்களுக்கே சொல்கிறது. அதாவது நான்காவது சந்திப்பில் உங்களுக்கு நம்பிக்கை வராததை அந்த வழிகாட்டுதலும் ஒரு குறையாகக் கருதவில்லை.

மருந்து பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். காயத்தை ஆற்றும் மருந்து என்று எதுவும் இல்லை. ஆனால் சிகிச்சையில் உட்காரும் அளவுக்கு உடலை அமைதிப்படுத்தும் மருந்துகள் உண்டு. செர்ட்ரலின், பராக்செடின் ஆகியவை பிடிஎஸ்டிக்கென அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றவை. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் எளிதில் எழுதித் தரப்படும் பென்சோடையசெபின் வகை மாத்திரைகள் பிடிஎஸ்டிக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை, பழக்கமாகிவிடும் ஆபத்தும் உண்டு. ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் திடீரென நிறுத்தாமல் மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். கூடவே ஒரு பொது மருத்துவரிடம் தைராய்டு, ரத்தசோகை போன்றவற்றையும் பார்த்துவிடுங்கள். களைப்பு எல்லாவற்றையும் மனதின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

பணம் இல்லை, அல்லது அருகில் தகுந்தவர் இல்லை என்றால்? உளவியல் கற்பிக்கும் பல்கலைக்கழகங்கள் பல இடங்களில் பயிற்சிச் சிகிச்சையகம் நடத்துகின்றன. அங்கே மாணவர்கள் மூத்தவர்களின் மேற்பார்வையில், குறைந்த கட்டணத்தில் பார்க்கிறார்கள். அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு, குடும்ப வன்முறைக்கும் பாலியல் வன்முறைக்கும் ஆளானவர்களுக்காக இயங்கும் அமைப்புகள், அகதிகளுக்கான மையங்கள் ஆகியவை மனக்காயம் பற்றிய அனுபவம் மிகுந்த இடங்கள். கொடுமை நடந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தாலும் அவற்றை அணுகலாம், "இப்போது எதற்கு வந்தீர்கள்" என்று அவை கேட்பதில்லை. காணொளி வழிச் சந்திப்பும் ஒரு வழி. கதவைத் தானே பூட்டிக்கொண்டு, தன் போர்வைக்குள் அமர்ந்து பேச முடிவதால் சிலருக்கு நேரில் போவதைவிட அது எளிதாக இருக்கிறது. காத்திருக்கும் காலத்தில் பயன்படுத்த உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட, படங்களோடு கூடிய இலவசக் கையேடு ஒன்று இருக்கிறது. மனம் அலைபாயும்போது நிகழ்காலத்தில் ஊன்றி நிற்பது முதல் ஐந்து திறன்களை ஒலிப்பதிவுப் பயிற்சிகளோடு கற்றுத் தருகிறது. அமெரிக்க முன்னாள் படைவீரர் துறை உருவாக்கிய பிடிஎஸ்டி கோச் என்ற செயலியும் இலவசம். இவை சிகிச்சைக்கு ஈடாகா. ஆனால் இரவு இரண்டு மணிக்கு இவைதான் கைக்கெட்டும்.

ஒரே வகையான காயம் பட்டவர்கள் கூடும் ஆதரவுக் குழுக்கள் பற்றி எனக்கு நன்மதிப்பும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு. "எனக்கும் அப்படித்தான்" என்று ஒருவர் சொல்லும்போது இறங்கும் சுமையை எந்த நிபுணராலும் இறக்க முடியாது. நல்ல குழுவில் ஒருங்கிணைப்பவர் ஒருவர் இருப்பார், நடந்ததை நுணுக்கமாக விவரிக்கக் கூடாது என்ற விதி இருக்கும், பேசாமல் கேட்டுவிட்டு எழுந்து போவதற்கு இடம் இருக்கும், பேச்சின் பெரும்பகுதி இந்த வாரத்தை எப்படிக் கடப்பது என்பதில் இருக்கும். கொடுமைகளை ஒப்பிட்டு யாருடையது பெரிது என்று அளக்கும் குழுவிலும், குணமாகத் தொடங்குபவரைச் சந்தேகத்தோடு பார்க்கும் குழுவிலும் இருக்க வேண்டாம். அளவுகோல் எளிது: மூன்று முறை போய்விட்டு வந்த பிறகு அந்த இரவுகளின் தூக்கத்தைக் கவனியுங்கள். இணையக் குழுக்களுக்கும் இது பொருந்தும். படுக்கையில் படுத்தபடி அந்நியர்களின் கதைகளை வரிசையாகப் படிப்பது ஆதரவு தேடுவதுபோல் தோன்றும், உடலோ அதை இன்னும் பத்து ஆபத்துகளாகவே எண்ணிக்கொள்ளும்.

நண்பர்களிடம் வருவோம். எல்லாவற்றையும் புரிந்துகொள்ளும் ஒருவரைத் தேடுவதில்தான் பலர் களைத்துப்போகிறார்கள். அப்படி ஒருவர் கிடைத்தால் அவர் மீது முழுச்சுமையும் விழும், அவர் தளரும்போது பழைய கைவிடப்பட்ட உணர்வு மறுபடி எழும். அதற்குப் பதிலாக வேலைகளைப் பிரித்துக் கொடுங்கள். ஒருவரோடு நடைக்குப் போகலாம், அவருக்கு எதுவும் தெரியத் தேவையில்லை. இன்னொருவரிடம் மருத்துவமனைக்குத் துணைக்கு வரச் சொல்லலாம், காரணத்தைப் பாதி சொன்னால் போதும். மூன்றாமவர் ஒருவருக்கு மட்டும் கொஞ்சம் அதிகம் தெரிந்திருக்கலாம். சிறிய செய்தி ஒன்றைச் சொல்லிவிட்டு, அதை அவர் என்ன செய்கிறார் என்று ஒரு மாதம் பாருங்கள். வேறு காதுகளுக்குப் போகாமல் இருந்தால் அடுத்ததைச் சொல்லலாம். கேட்கும்போதும் தெளிவாகக் கேளுங்கள்: "அறிவுரை வேண்டாம், என்ன நடந்தது என்று கேட்கவும் வேண்டாம், பத்து நிமிடம் போனில் இருங்கள், உங்கள் அலுவலகத்தில் இன்று என்ன நடந்தது என்று சொல்லிக்கொண்டிருங்கள்." பெரும்பாலானவர்களுக்கு உதவ மனம் உண்டு, எப்படி என்றுதான் தெரிவதில்லை.

நான் அறிந்த ஒருவர் பணப்பையில் நான்காக மடித்த காகிதம் ஒன்று வைத்திருப்பார். மடிப்புகள் நைந்து, ஒட்டுநாடா போட்டு ஒட்டியிருந்தார். அதில் அவரே தன் கையால் எழுதியிருந்தார்: "இன்றைய தேதியைச் சத்தமாகச் சொல். உன் வயதைச் சொல். பாதங்களைத் தரையில் அழுத்து. இந்த அறையில் நீல நிறப் பொருள்கள் ஐந்தைக் கண்டுபிடி. கதவை நீயே திறக்க முடியும்." கீழே இரண்டு தொலைபேசி எண்கள். பழைய நினைவு வெள்ளமாக வரும் நேரத்தில் யோசிக்கும் மூளை பாதி அணைந்துவிடுகிறது. அப்போது எதையும் நினைவுபடுத்திக்கொள்ள முடியாது, படிக்க மட்டும் முடியும். அதனால் அமைதியாக இருக்கும் நாளில் எழுதி, அமைதியாக இருக்கும்போதே பத்து முறையாவது பழகிவைக்க வேண்டும்.

உடல்வழிப் பயிற்சிகள் சிலருக்குப் பேச்சைவிட முன்னதாகவே பயன் தருகின்றன. நாட்பட்ட, சிகிச்சைக்கு எளிதில் இணங்காத பிடிஎஸ்டி உள்ள 64 பெண்களை வைத்து 2014-இல் வெளியான ஆய்வில், பத்து வார யோகாசனப் பயிற்சி எடுத்தவர்களில் சரிபாதிக்குச் சற்றே மேற்பட்டோர் அந்த நோய் வரையறையிலிருந்தே வெளியேறினர். ஒப்பீட்டுக் குழுவில் அது ஐந்தில் ஒருவர் அளவுதான். சிறிய ஆய்வு, அதை வைத்துப் பெரிதாகக் கொடி பிடிக்க மாட்டேன். ஆனால் அங்கே ஆசிரியர் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, விருப்பத்துக்கு விட்டார் என்பது கவனிக்கத்தக்கது. கண்ணை மூடச் சொல்லும்போதோ மூச்சை உற்றுக் கவனிக்கச் சொல்லும்போதோ உங்களுக்குப் பதற்றம் கூடினால், கண்ணைத் திறந்தே வைத்துக்கொள்ளுங்கள். தியானம் கைகூடவில்லை என்று வருந்த வேண்டாம்.

உயிரை முடித்துக்கொள்ளும் எண்ணம் வந்து போகிறது என்றால், இதுவரை சொன்ன எதற்கும் முன்னால் அதைக் கவனிக்க வேண்டும். உங்கள் நாட்டின் அவசர எண்ணும், தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணும் கைப்பேசியில் சேமிக்கப்பட்டிருக்கட்டும். வேறு பெயரில் சேமித்தாலும் சரி. பார்பரா ஸ்டான்லி, கிரெகரி பிரவுன் என்ற இருவர் வகுத்த பாதுகாப்புத் திட்டம் ஒரே தாளில் அடங்கும். எண்ணம் வலுப்பதன் முன்னறிகுறிகள், தனியே செய்து பார்க்கக்கூடியவை, மனதைத் திருப்பும் இடங்களும் ஆட்களும், உதவி கேட்கக்கூடியவர்கள், மருத்துவ உதவி எண்கள், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஆபத்தான பொருட்களை அப்புறப்படுத்துவது என்ற வரிசையில் அதை எழுதிவைக்க வேண்டும். ஆபத்து இந்த நிமிடமே என்றால் தாளைத் தேட வேண்டாம். அவசர எண்ணை அழையுங்கள், அல்லது பக்கத்தில் இருக்கும் மனிதரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக, அந்த இரண்டு ஆலோசகர்களிடம் திரும்ப வருகிறேன். ஒரு தாளை எடுத்து, ஒவ்வொருவரிடமும் எந்த நாளுக்குப் பிறகு போகாமல் நின்றீர்கள், அன்று என்ன பேசப்பட்டது, உடலில் என்ன நேர்ந்தது, வீட்டுக்கு வந்து என்ன செய்தீர்கள் என்று நான்கைந்து வரிகள் எழுதுங்கள். அவர்கள் வேகமாகப் போனார்களா, நீங்கள் மறைத்த ஒன்றை நெருங்கினார்களா, அல்லது அவர்கள் நல்லவர்களாகவே இருந்ததுதான் தாங்க முடியாமல் போயிற்றா என்பது அதில் ஓரளவு தெரியவரும். மூன்றாவது ஒருவரைத் தேர்ந்த பிறகு, வாழ்க்கைக் கதைக்குப் பதிலாக அந்தத் தாளை மட்டும் முதல் நாளில் கொடுங்கள். "மூன்றாவது, நான்காவது சந்திப்புக்குப் பிறகு நான் வராமல் இருக்க முயல்வேன், அப்போது என்ன செய்யலாம் என்று இப்போதே பேசிவிடலாமா?" என்று கேளுங்கள். அவர் அந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்கிறார் என்பதை வைத்து, இரண்டாவது சந்திப்புக்கு நாள் குறிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.